மூளையில் கசிவு இருக்கும்போது இரத்தக்கட்டிக்கு ஊசி போடலாமா?

கரவெட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு சிசேரியனில் பிள்ளை பிறந்து 3 கிழமை. இரண்டாம் கிழமையே தலையிடி தொடங்கியது. ஒரு தனியார் இடத்தில் சி.ரி. ஸ்கான் எடுத்து, ஒன்றும் இல்லை என்று பனடோலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாளில் வலிப்பு வந்து விழுந்தார். இப்போது வாட்டில் வைத்திருக்கிறார்கள். மூளை நாளத்தில் இரத்தக்கட்டி, பக்கத்தில் கொஞ்சம் இரத்தக்கசிவும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வயிற்றில் போடுகிற ஊசி இரத்தத்தை உறைய விடாத மருந்தாம். கனடாவில் இருக்கிற மச்சான் ரெலிபோனில் “கசிவு இருக்கேக்க அதைப் போடக்கூடாது, உடனே நிற்பாட்டச் சொல்லுங்கோ” என்கிறாராம். யார் சொல்வது சரி?

வாட்டில் இருக்கிற டொக்டர்கள் செய்வதுதான் சரி. அந்த ஊசியை நிற்பாட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் மனைவிக்கு இப்போது கொடுக்கிற மருந்துகளில் உயிரைக் காப்பது அதுதான். நான் பல வருடமாக மருத்துவ வாட்டில் வேலை செய்கிறவன். இதே பயத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மச்சானின் பயமும் விளங்குகிறது. பிரஷர் ஏறி நாடி வெடித்து வருகிற மூளைக் கசிவு அவர் மனதில் இருக்கிறது. அங்கே இரத்தம் இளக்குகிற மருந்தை உடனே நிறுத்தத்தான் வேண்டும். உங்கள் மனைவிக்கு வந்தது வேறு காரணத்தால் வந்த கசிவு.

நாடிகள் வழியாக மூளைக்குப் போகிற இரத்தம் நாளங்கள் வழியாகத் திரும்பி வர வேண்டும். மூளையின் சிறு நாளங்கள் எல்லாம் மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி ஓடுகிற சில பெரிய நாளங்களில் போய்ச் சேர்கின்றன. அதில் ஒன்று நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரிவரை நடுக்கோட்டில் ஓடுகிறது. பிடரியில் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு காதுக்கும் பின்னால் இறங்கிக் கழுத்து நாளத்தோடு சேர்கிறது. இதில் எங்காவது இரத்தம் உறைந்து அடைத்தால், மாரியில் ஒழுங்கை வாய்க்கால் அடைபட்டு வெள்ளம் முற்றத்துக்கு ஏறுவதுபோல, இரத்தம் பின்னுக்குத் தேங்கும். அழுத்தம் ஏறும், மூளை வீங்கும். தாங்க முடியாத இடத்தில் நுண்ணிய குழாய்கள் கசியும். ஸ்கானில் தெரிகிற கசிவு இதுதான். அதற்குக் காரணம் முன்னால் இருக்கிற அடைப்பு. அடைப்பு வளர விட்டால் கசிவும் வளரும். ஊசி செய்கிற வேலை, கட்டி இன்னும் நீளாமல் தடுத்து, உடம்பு தானாக அதைக் கரைப்பதற்கு அவகாசம் கொடுப்பது.

இது வெறும் ஊகம் இல்லை. இந்த நோய்க்கு ஹெபாரின் என்ற, இரத்தத்தை உறைய விடாத மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய பரிசோதனை 1991இல் ஜெர்மனியில் வெளிவந்தது. 10 பேருக்கு ஹெபாரின், 10 பேருக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. ஹெபாரின் பெற்றவர்களில் 8 பேர் முழுதாகச் சுகமானார்கள், இரண்டு பேருக்குச் சிறு குறை இருந்தது, ஒருவரும் இறக்கவில்லை. மற்றப் பக்கத்தில் 3 பேர் இறந்தார்கள், ஒரே ஒருவர்தான் முழுதாகச் சுகமானார். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் 20 பேரோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதே குழு பழைய நோயாளிகளின் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தது. உங்கள் கேள்விக்கு நேரான விடை அங்கேதான் இருக்கிறது. மூளையில் கசிவு வந்த பிறகும் ஹெபாரின் கொடுக்கப்பட்ட 27 பேரில் 4 பேர் இறந்தார்கள். கசிவு இருக்கிறதென்று ஹெபாரின் கொடுக்காமல் விட்ட 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த அனுபவமும் இதற்கு எதிராகப் போகவில்லை. இன்று எந்த நாட்டு வழிகாட்டலைப் பார்த்தாலும், நாள அடைப்பால் வந்த கசிவு ஹெபாரினுக்குத் தடை இல்லை என்றே இருக்கும், கனடாவிலும் அப்படித்தான். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஹெபாரின் வகையைச் சேர்ந்த எனொக்ஸபரின் ஊசிதான் போடுகிறார்கள். உடல் நிறையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கமான அளவு. சிறுநீரகம் பழுதென்றால் குறைப்பார்கள். வீட்டுக்கு விட்ட பிறகும் சில நாள் நீங்களே போட வேண்டி வரலாம், அதனால் தாதி போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சிசேரியன் தழும்பில் படாமல், தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து ஊசியை நேராக இறக்க வேண்டும். மருந்து முழுதும் போய் ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக் கூடாது. முழு அளவையும் போடுவதென்றால், மருந்தோடு வருகிற சிரிஞ்சுக்குள் இருக்கிற சின்னக் காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றத் தேவையில்லை. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒருமுறை இடம், மறுமுறை வலம் என்று மாற்றிப் போடுங்கள். சின்னச் சின்னக் கண்டல் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

“கொழும்புக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாமே” என்றும் யாராவது சொல்வார்கள். 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 67 கடுமையான நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு குழாய் விட்டுக் கட்டியை எடுத்தவர்களுக்கு மேலதிக நன்மை தெரியவில்லை. ஊசி போட்டும் நிலை மோசமாகிக்கொண்டே போகிற ஒரு சிலருக்கு மட்டும்தான் அதை யோசிப்பார்கள். சத்திரசிகிச்சை வேறு விஷயம். மூளை வீங்கி ஒரு பக்கம் தள்ளத் தொடங்கினால், மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து இடம் கொடுப்பது உயிரைக் காப்பாற்றும். அதற்குச் சுணங்கக் கூடாது. அதனால் பக்கத்தில் இருக்கிற நீங்கள் கவனிக்க வேண்டியவை: கூப்பிட்டால் எழும்புவது குறைகிறதா, பேச்சுக் குழறுகிறதா, ஒரு கை கால் புதிதாகச் சோர்கிறதா, சத்தி கூடுகிறதா. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ரவுண்ட் வரட்டும் என்று இருக்காமல் தாதியிடம் உடனே சொல்லுங்கள், நடு இரவென்றாலும்.

சரி, முதல் ஸ்கானில் ஏன் தெரியவில்லை? இந்த நோயில் சாதாரண சி.ரி. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோயைக் காட்டாது. தொடக்க நாட்களில் சிலருக்கு மட்டும்தான் உறைந்த நாளம் வெள்ளைக் கயிறுபோலத் தெரியும். நாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாளத்துக்கென்று ஸ்கான் கேட்க வேண்டும்: நிறமருந்து ஏற்றி எடுக்கிற சி.ரி. வெனோகிராம், அல்லது எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர். வெனோகிராம். எம்.ஆர்.ஐ. கிடைக்கச் சுணங்குமென்றால் சி.ரி. வெனோகிராமே போதும், காத்திருக்கத் தேவையில்லை. எம்.ஆர். வெனோகிராமிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பலருக்குப் பிறப்பிலேயே காதுக்குப் பின்னால் இறங்குகிற நாளம் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப் பக்கம், மெலிந்திருக்கும். அதை அடைப்பென்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அதனால் ரிப்போர்ட் கடதாசி மட்டும் போதாது, படத்தையும் சேர்த்து வாங்கி வைத்திருங்கள்.

டி-டைமர் என்ற, உடம்பில் இரத்தக்கட்டி இருந்தால் கூடுகிற இரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் அது எப்படியும் கூடித்தான் இருக்கும். தலையிடி மட்டுமே உள்ள சிலருக்கு, அடைப்பு இருந்தும் கூடாமல் இருக்கும். அதை நம்பி வெனோகிராமைத் தவிர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இனி எழுதப் போவது இன்னும் வாட்டுக்கு வராதவர்களுக்காக. பிள்ளை பெற்றவர்களுக்குத் தலையிடி வந்தால் நித்திரை இல்லை, களைப்பு, பத்தியம் என்று எல்லாரும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகான முதல் 6 கிழமை இந்த நோய்க்கு மிக ஆபத்தான காலம். நோயாளிகளில் ஆண் ஒருவருக்குப் பெண்கள் மூவர் என்ற கணக்கு வருவதற்குக் கர்ப்பம், பிரசவம், கருத்தடைக் குளிசை மூன்றும்தான் காரணம். ஆகவே தலையிடியை எப்படி விசாரிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்கு வருகிற தலையிடி எழும்பி இருந்தால் கூடும், படுத்தால் குறையும், சில நாளில் தணியும். நாள அடைப்பில் பலருக்கு இது தலைகீழ்: படுத்தால் கூடும், விடியப்புறம் எழும்பும்போது மோசமாக இருக்கும், குனிந்தால், இருமினால், முக்கினால் கூடும். ஒரு நாளுக்கு ஒரு நாள் ஏறிக்கொண்டு போகும். படுத்தால் குறைந்துகொண்டிருந்த தலையிடி, திடீரென்று படுத்தாலும் குறையாமல் எந்நேரமும் இருக்கத் தொடங்கினால் அது முக்கியமான மாற்றம். அதைத்தான் டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அதோடு பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, காதுக்குள் நாடித் துடிப்போடு இரைவது, ஒரு கை மரத்துப்போவது, புத்தி தடுமாறுவது, வலிப்பு. இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நெடுந்தீவுபோலத் தீவுப்பகுதி என்றால் கடைசிப் படகுக்கு முன்பே முடிவெடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் வருகிற பிரஷர் வலிப்பையும் அவர்கள் பார்க்க வேண்டியிருப்பதால் பிரஷரும் சிறுநீரும் சோதிப்பார்கள். டோர்ச் மாதிரி ஒரு கருவியால் கண்ணுக்குள்ளும் பார்ப்பார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் கண்ணின் பின்புறத்தில் நரம்பு வீங்கித் தெரியும். ஒரு நிமிட வேலை அது. செய்யாவிட்டால் கேளுங்கள்.

பத்தியம் பற்றி மாமியோடு பக்குவமாகக் கதைக்க வேண்டும். சரக்கு அரைத்துக் கொடுப்பதிலும் உடம்பைச் சூடாக வைத்திருப்பதிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தண்ணீரைக் குறைப்பதுதான் பிழை. “பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு ஊதும், ஊறிப் போகும்” என்று தாகத்துக்கு ஒரு மிடறு மட்டும் கொடுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பால் கொடுக்கிற உடம்பு, அதுவும் வெக்கைக் காலத்தில், கதவு யன்னல் சாத்திய அறையில். பிரசவத்தின்போது இரத்தப்போக்கைத் தடுக்க உடம்பு இரத்தத்தை உறையவைக்கும் தன்மையைத் தானாகவே கூட்டியிருக்கும். அதற்கு மேல் நீர் குறைந்தால் இரத்தம் இன்னும் தடிக்கும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுவரை அறைக்குள்ளேயே கிடக்கவும் வேண்டாம். எழும்பி நடக்கட்டும், தாகம் தீரக் குடிக்கட்டும். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தர் சொன்னால் மாமிமார் கேட்பார்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் வாயால் வருவது நல்லது. உங்கள் மனைவிக்கு இதனால்தான் வந்ததென்று யாரும் மாமியைக் குற்றம் சொல்லத் தொடங்காதீர்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சேர வேண்டும்: பிரசவம், இரும்புச்சத்துக் குறைந்த சோகை, கிருமித்தொற்று, பிறப்பிலேயே இரத்தம் இலகுவில் உறைகிற தன்மை.

பிரசவம் இல்லாமலும் இது வரும். காதில் நாட்பட்டுச் சீழ் வடிகிற பிள்ளைகள், குடித்துவிட்டு வெயிலில் வேலை செய்கிற ஆண்கள், புற்றுநோய் உள்ளவர்கள். அப்புறம், நல்லூர்த் திருவிழா, கலியாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போடக் கடையில் கேட்டு வாங்குகிற குளிசைகள். கூட்டுக் கருத்தடைக் குளிசையில் ஈஸ்ட்ரோஜன் நேரடியாகவே இருக்கிறது. மாதவிடாயைத் தள்ளிப்போடப் பாவிக்கிற நோரெதிஸ்டெரோன் குளிசையைக் கூடிய அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும், வீட்டில் யாருக்காவது இளவயதில் வந்திருப்பவர்களும் இந்தக் குளிசைகளைத் தொடவே கூடாது. 2021இல் போட்ட கோவிட் தடுப்பூசியால் வந்ததா என்றும் கேட்பார்கள். அப்போது சில தடுப்பூசிகளால் மிக அரிதாக வந்த அடைப்பு, ஊசி போட்ட சில கிழமைக்குள் வந்தது. இத்தனை வருடம் கழித்து வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

உறைகிற தன்மைக்கான பெரிய இரத்தப் பரிசோதனைகளை இப்போதே தனியாருக்குக் காசு கட்டிச் செய்யாதீர்கள். இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கிற இயற்கைப் புரதங்களைத்தான் அவை அளக்கும். அவற்றில் ஒன்றான புரோட்டீன் எஸ் கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் குறைந்துதான் இருக்கும். ஹெபாரின் அன்டித்ரொம்பின் என்ற இன்னொன்றைக் குறைக்கும், ஊசிக்குப் பிறகு கொடுக்கிற வோஃபரின் குளிசை புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். இப்போது வருகிற முடிவை நம்ப முடியாது, வீணாகப் பயம் மட்டும் மிஞ்சும். இரத்தத்தை உறையத் தூண்டுகிற அன்டிபொஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கான சோதனை வேறு. அது சிகிச்சையையே மாற்றக்கூடியது என்பதால் பயனுள்ளது, ஆனால் அதிலும் ஒருமுறை பொசிட்டிவ் வந்தால் 12 கிழமை கழித்துத் திரும்பச் செய்துதான் முடிவெடுப்பார்கள்.

ஊசிக்குப் பிறகு வோஃபரின் குளிசை. குறைந்தது 5 நாள் இரண்டும் ஒன்றாகப் போகும், ஏனென்றால் வோஃபரின் வேலை செய்யத் தொடங்க நாட்கள் எடுக்கும். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். சோதனை 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். பிரசவம்போல விலகிப்போகிற காரணம் என்றால் 3 முதல் 6 மாதம், காரணம் தெரியாவிட்டால் 6 முதல் 12 மாதம், உறைகிற தன்மை கடுமையாக இருந்தால் ஆயுளுக்கும். புதிய வகைக் குளிசைகளும் இருக்கின்றன. டபிகட்ரான் என்ற குளிசையை வோஃபரினோடு ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த 120 பேரின் ஆய்வில், இரண்டு பக்கத்திலும் இரத்தக்கட்டி திரும்ப வரவில்லை. அவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் உங்கள் மனைவி பால் கொடுக்கிறார். எனொக்ஸபரினும் வோஃபரினும் பாலூட்டும்போது பாதுகாப்பானவை, புதிய குளிசைகளை அப்போது தவிர்ப்பதே வழக்கம். அதனால் இப்போதைக்கு வோஃபரின்தான் அவருக்குப் பொருத்தம். மருந்துக்குப் பயந்து பாலை நிற்பாட்டி மா கரைக்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாவற்றிலும் விற்றமின் கே நிறைய. அது வோஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விட வேண்டியதில்லை, ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் குளிசையின் அளவை அதற்கேற்றபடி அமைக்கலாம். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, கந்தசஷ்டி விரதத்தில் தினமும் கீரை என்றால்தான் ஐ.என்.ஆர். குழம்பும். நோவுக்குப் பனடோல் போதும். டைக்குளோபினாக், புரூபன் வேண்டாம். மெட்ரோனிடசோல்போலக் கிருமித்தொற்றுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் ஐ.என்.ஆரைக் கூட்டிவிடும், பல்லுக்குப் போனாலும் சளிக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் இந்த மாதங்களில் தள்ளி வையுங்கள்.

வலிப்பு வந்ததால் அதற்கும் குளிசை கொடுத்திருப்பார்கள். லெவெடிரசெட்டம் என்றால் வோஃபரினோடு ஒத்துப்போகும். பெனிட்டோயின், கார்பமசெப்பின் என்றால் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்க வேண்டும். வோல்ப்ரோவேட் என்றால் பிள்ளை பெறுகிற வயதில் வேறு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் ஒரு கட்டாயம்: டொக்டர் சரி என்று சொல்லும்வரை தனியாகக் கிணற்றடிக்குப் போகக் கூடாது. கட்டு பதிந்த கிணறுகள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். குளிக்கத் தண்ணீரை நீங்கள் அள்ளிக் கொடுங்கள், குளிக்கும்போது கதவை உள்ளே பூட்ட வேண்டாம். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம், நிலத்தில் பாய் போட்டு இருந்து பால் கொடுக்கட்டும். ஸ்கூட்டி இப்போதைக்கு இல்லை.

கண்ணையும் மறக்காதீர்கள். கிழமைக்கு ஒருமுறை ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரின் திகதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மாற்றி. தலையிடி குறைந்த பிறகும் அழுத்தம் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தால் பார்வை சத்தமில்லாமல் போகும், போனால் திரும்புவது கடினம். மங்கினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு சுகம் வரும் என்றும் யோசிப்பீர்கள். 2004இல் வெளிவந்த, பல நாடுகளின் 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறக்குறைய 5 பேரில் 4 பேர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். மூளை நாளத்தில் அடைப்பு திரும்ப வந்தது 100 பேரில் 2 பேருக்கு அளவில்தான். மற்றப் பக்கவாதங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல செய்தி. சில மாதம் களைப்பு, மறதி, இடைக்கிடை தலையிடி இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் அதை யாரும் நோயாகப் பார்க்கமாட்டார்கள், நீங்கள் பாருங்கள். சில மாதம் கழித்துத் திரும்ப ஸ்கான் எடுக்கும்போது நாளம் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். பக்கத்து நாளங்கள் வேலையை எடுத்துக்கொண்டு ஆள் சுகமாக இருந்தால் அது தோல்வி இல்லை.

இனி ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடைக் குளிசை அவருக்கு ஆயுளுக்கும் வேண்டாம். கருப்பைக்குள் வைக்கிற லூப் நல்ல தெரிவு. கருத்தடை ஊசி என்றால் டொக்டரிடம் கேட்டுத்தான். வோஃபரின் எடுக்கிற காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, முதல் மாதங்களில் அது குழந்தையின் எலும்பையும் முகத்தையும் பாதிக்கும். ஆனால் இன்னொரு பிள்ளையே கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த முறை கர்ப்ப காலத்திலும், பிள்ளை பிறந்து 6 கிழமைவரையும், முற்காப்பாக அதே வயிற்று ஊசியைக் குறைந்த அளவில் போடுவார்கள். மாதவிடாய் தள்ளிப்போன முதல் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த நோய் வந்த கதையைச் சொல்லி, கர்ப்பவதிகள் பதிவில் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள்.